ஹைப்போ முதல் பிஸ் வரை: வேதியியல் பெயர்களை முன்னொட்டு பிரித்து வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பட்டறைகளில் 'ஹைப்போ' என்று கேட்டால், ஓர் இடத்தில் இளம்பச்சை மஞ்சளாக இருக்கும் திரவக் கேனைக் காட்டுவார்கள். அது சோடியம் ஹைப்போகுளோரைட்டு, துணியை வெளுப்பது. இன்னோர் இடத்தில் வெள்ளைப் படிக மூட்டையைக் காட்டுவார்கள். அது சோடியம் தயோசல்பேட்டு, வெளுத்த பிறகு துணியில் தங்கிவிட்ட குளோரினைப் போக்குவது. ஒன்று குளோரினைக் கொடுக்கிறது, மற்றது குளோரினைத் தீர்த்துக் கட்டுகிறது. பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். "ஏனுங்ணா, ஹைப்போ ரெண்டு கிலோ போடுங்க" என்று பையன் வந்து நின்றால், கிலோ என்கிறானே, அப்போ படிகம்தான் என்று ஸ்டோர்காரர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேதிப்பொருளின் பெயரில் முன்னால் ஒட்டும் சிறு துண்டுக்கு முன்னொட்டு என்று பெயர். எத்தனை அணு, ஆக்சிஜன் கூடவா குறைவா, தண்ணீர் உண்டா இல்லையா, எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் அந்தத் துண்டு சொல்லிவிடும். ஆனால் அது தனியாக நின்றால் பெயராகாது. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் வேதியியலில் மனப்பாடம் பாதியாகக் குறையும், பட்டறையில் ஆபத்தும் குறையும். பட்டறை லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் பிளஸ் டூ பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: பெயரை மூன்றாக வெட்டுங்கள்

எந்தப் பெயரையும் முன்னொட்டு, வேர், வால் என்று மூன்றாகப் பிரிக்கலாம். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சோடியத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், மிச்சம் ஹைப்போ, குளோர், ஐட்டு. வேர் என்ன தனிமம் என்று சொல்லும். முன்னொட்டும் வாலும் சேர்ந்து அந்தத் தனிமம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும்.

வாலைக் கவனமாகப் பாருங்கள். குளோரைடு, குளோரைட்டு, குளோரேட்டு மூன்றும் வேறு வேறு. சோடியம் குளோரைடு நாம் சாப்பிடும் உப்பு. சோடியம் குளோரைட்டு கடுமையான வெளுப்பான். எழுத்தில் பார்த்தால் நடுவில் ஒரு 'ட்' மட்டும்தான் வித்தியாசம். ஐடு என்றால் ஆக்சிஜன் சேராத குளோரின். ஐட்டு என்றால் ஆக்சிஜன் கொஞ்சம், ஏட்டு என்றால் இன்னும் கூடுதல். லேபிளைத் தமிழில் எழுதும்போது இந்த 'ட்' விடுபடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதை விடவே கூடாது.

இந்த வால்களை முறைப்படுத்தியது 1787-இல் பாரிசில். கிட்டான் தெ மொர்வோ, லவாசியே, பெர்தொலே, ஃபூர்குருவா என்ற நான்கு பேர் சேர்ந்து பெயரிடும் முறையை வகுத்தார்கள். அதற்கு முன்னால் பொருளின் நிறம், குணம், கண்டுபிடித்தவர் பெயர் என்று கிடைத்ததை வைத்துக் கூப்பிட்டார்கள். நம் பக்கம் தென்னைக்கும் பாக்குக்கும் போர்டோ கலவை போடப் பயன்படும் மயில்துத்தமும் அந்த வகைதான். நிறத்தை அப்படியே கண்முன் கொண்டுவரும் அருமையான பெயர், ஆனால் உள்ளே தாமிரம் இருக்கிறது என்று அது சொல்லாது. காப்பர் சல்பேட்டு சொல்லும்.

இரண்டாம் படி: எண்ணைப் பாருங்கள்

மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா, ஹெப்டா, ஆக்டா, நோனா, டெகா. ஒன்று முதல் பத்து வரை. இதில் நோனா மட்டும் லத்தீன், மற்றவை கிரேக்கம்.

தமிழ் படித்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம். அதனால் ட்ரை என்பது திரிசூலத்தின் திரி, பென்டா என்பது பஞ்சாமிர்தத்தின் பஞ்ச, ஆக்டா என்பது அஷ்டமியின் அஷ்ட, டெகா என்பது தசாவதாரத்தின் தச. ஹெப்டாவும் சப்தரிஷியின் சப்தவும் மட்டும் ஏன் ஒத்துவரவில்லை என்று தோன்றலாம். சொல்லின் முதலில் இருந்த 'ஸ' ஒலி கிரேக்கத்தில் 'ஹ' ஆகிவிட்டது, அவ்வளவுதான். லத்தீனின் செப்டெம் கிரேக்கத்தில் ஹெப்டா, செக்ஸ் ஹெக்சா, செமி ஹெமி. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே நிறைய முன்னொட்டுகளை அடையாளம் கண்டுவிடலாம்.

தமிழ் எண்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். இரண்டு என்பது முன்னால் ஒட்டும்போது இரு அல்லது ஈர் ஆகிறது, மூன்று மு ஆகிறது, நான்கு நால் ஆகிறது. முச்சந்தி, நால்ரோடு, அறுகோணம், எண்கோணம். காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாகச் சொல்லும் பவானி கூடுதுறையை முக்கூடல் என்றும் சொல்கிறோம், திரிவேணி என்றும் சொல்கிறோம். மு தமிழ், திரி சமஸ்கிருதம். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடிவிட வேண்டாம். பாலியெஸ்டரின் 'பாலி' நம் 'பல்'லிலிருந்து போனது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. அது 'நிறைய' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்.

சமஸ்கிருத எண்கள் நேராகவே வேதியியலுக்குள் போன கதையும் உண்டு. தனிம அட்டவணை போட்ட மெண்டலீவ், இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்கு 1871-இல் ஏக-அலுமினியம், ஏக-போரான், ஏக-சிலிக்கான் என்று தற்காலிகப் பெயர் வைத்தார். அட்டவணையில் அந்தத் தனிமத்துக்கு ஒரு படி அடுத்தது என்று அர்த்தம். 1875-இல் காலியம், 1879-இல் ஸ்கேண்டியம், 1886-இல் ஜெர்மேனியம் என்று மூன்றும் கிடைத்தன.

சரி, பட்டறைக்கு வருவோம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் கோல்டு பிராண்ட், ஹாட் பிராண்ட் என்று இரண்டு வகையைச் சொல்வார்கள். முதல் வகையின் வேதிப்பெயரில் டைகுளோரோட்ரையசீன் இருக்கும், இரண்டாவதில் மோனோகுளோரோட்ரையசீன். ட்ரையசீன் என்பது மூன்று நைட்ரஜன் உள்ள வளையம். அந்த வளையத்தில் இரண்டு குளோரின் இருந்தால் அது துடிப்பாக வினைபுரியும், 40 டிகிரி பக்கத்திலேயே நூலைப் பிடித்துக்கொள்ளும். ஒரு குளோரின் மட்டும் இருந்தால் மந்தம், 80 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். பாத், அதாவது சாயக் கரைசல், எத்தனை டிகிரி என்பதே டையா மோனோவா என்பதில் அடங்கியிருக்கிறது. பருத்திக்கான முதல் ரியாக்டிவ் சாயங்கள் 1956-இல் விற்பனைக்கு வந்தபோது வந்தவை இந்த டைகுளோரோ வகைதான்.

'டை' கிரேக்கம், 'பை' லத்தீன். இரண்டுக்கும் இரண்டு என்றே பொருள். ஆனால் சோடியம் பைகார்பனேட்டில் இரண்டு கார்பனேட்டு இல்லை. சலவைச் சோடாவில் இரண்டு சோடியத்துக்கு ஒரு கார்பனேட்டு, ஆப்பச் சோடாவில் ஒரு சோடியத்துக்கே ஒன்று. சோடியத்தை அளவாக வைத்துப் பார்த்தால் இரட்டிப்பு என்பதால் அந்தக் காலத்தில் 'பை' போட்டார்கள். இன்றைய முறைப்படி அது சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட்டு. பழைய பெயர் கடையில் நிலைத்துவிட்டது.

மூன்றாம் படி: 'இல்லை' என்று சொல்லும் துண்டைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த முன்னொட்டு 'அ'. அவிநாசி என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். விநாசம் அழிவு, முன்னால் 'அ' சேர்ந்தால் அழிவில்லாதது. கிரேக்கத்திலும் இதே 'அ' இருக்கிறது. நைட்ரஜன் மட்டும் நிறைந்த காற்றில் எந்த உயிரும் பிழைக்காது என்பதால் லவாசியேயும் கூட்டாளிகளும் அதற்கு அசோட் என்று பெயர் வைத்தார்கள். 'அ' இல்லை, 'சோயே' உயிர். அசோ, டையசோ, அசீன், ட்ரையசீன் எல்லாவற்றிலும் ஒளிந்திருப்பது இந்த உயிரற்ற வாயுதான். 1858-இல் பீட்டர் கிரீஸ் டையசோ சேர்மங்களைக் கண்டுபிடித்தார். அசோ சாயங்கள் அனைத்தும் அந்த வழியில் வந்தவை.

அவிநாசி ரோட்டில் போகும் ஏற்றுமதிச் சரக்கில் 'அசோ ஃப்ரீ' என்று சான்று கேட்பார்கள் அல்லவா? அதைக் கேட்டு அசோ சாயமே கூடாது என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. உடைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களைத் தரும் குறிப்பிட்ட அசோ சாயங்களுக்குத்தான் தடை. ஜெர்மனி 1994-இல் கொண்டுவந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் 22 அமீன்களைப் பட்டியலிட்டு, கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. அந்த அமீன்களைத் தராத அசோ சாயங்களை இன்றும் எல்லோரும் தாராளமாகப் போடுகிறார்கள்.

உயிரெழுத்துக்கு முன்னால் 'அ' என்பது 'அந்' ஆகும். அநேகம் என்றால் அந் கூட்டல் ஏகம், அதாவது ஒன்றல்ல. அநாதி, தொடக்கம் இல்லாதது. கிரேக்கத்திலும் அதே விதிதான், 'அன்ஹைட்ரஸ்' என்றால் நீரற்றது. பட்டறையில் இதை விட முக்கியமான முன்னொட்டு வேறு இல்லை என்பேன். பட்டறையில் கிளாபர் உப்பு என்று சொல்லும் சோடியம் சல்பேட்டு இரண்டு வடிவில் வரும். நீரற்றதின் மூலக்கூறு எடை 142. டெகாஹைட்ரேட்டில் பத்து நீர் மூலக்கூறு சேர்ந்திருக்கிறது, எடை 322. அதாவது டெகாஹைட்ரேட்டு ஒரு கிலோ எடுத்தால் அதில் உப்பு 440 கிராம்தான், மிச்சம் தண்ணீர். ரெசிபியில் லிட்டருக்கு 50 கிராம் நீரற்ற உப்பு என்று இருந்து, கையில் டெகாஹைட்ரேட்டு இருந்தால், 113 கிராம் போட வேண்டும். கவனிக்காமல் 50 கிராமே போட்டால் சாயம் சரியாக ஏறாது, ஷேடு வெளிறும். லேப் டிப்பில், அதாவது லேபில் சின்னத் துண்டில் போட்டுப் பார்க்கும் மாதிரியில், சரியாக வந்தது மெஷினில் வராமல் போனால், சாயத்தைச் சந்தேகப்படும் முன்பு உப்பு மூட்டையின் முன்னொட்டைப் பாருங்கள்.

நான்காம் படி: ஆக்சிஜன் ஏணியில் எந்தப் படி?

ஹைப்போ என்றால் கிரேக்கத்தில் கீழே. உபநதி, உபகதை என்பவற்றில் வரும் 'உப'வுக்கு இது நேர் உறவு. பெர் என்றால் லத்தீனில் முழுக்க, ஊடுருவி. குளோரின் குடும்பத்தில் இது அழகாக அடுக்கியிருக்கிறது: ஹைப்போகுளோரைட்டில் ஓர் ஆக்சிஜன், குளோரைட்டில் இரண்டு, குளோரேட்டில் மூன்று, பெர்குளோரேட்டில் நான்கு. ஹைப்போ ஐட்டுக்கும் கீழே, பெர் ஏட்டுக்கும் மேலே.

பெர்மாங்கனேட்டில் மட்டும் ஆக்சிஜனை எண்ணி ஏமாறாதீர்கள். மாங்கனேட்டிலும் நான்கு ஆக்சிஜன், பெர்மாங்கனேட்டிலும் நான்கு. மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற நிலைதான் ஆறிலிருந்து ஏழுக்கு ஏறியிருக்கிறது. ஜீன்ஸ் துணியில் தேய்ந்த தோற்றம் வர பிபி (பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு) ஸ்பிரே அடிக்கிறார்களே, அந்த ஊதா நிறம் இதுதான். ஹைட்ரஜன் பெராக்சைடில் 'பெர்' இன்னொரு விதம். இரண்டு ஆக்சிஜன் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்தப் பிடி பலவீனமானது, அது விட்டுப்போவதால்தான் துணி வெளுக்கிறது. தெனார் இதை 1818-இல் கண்டுபிடித்தார்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன குழப்பத்துக்கு விடை கிடைக்கும். தயோசல்பேட்டுக்குப் பழைய பெயர் ஹைப்போசல்பைட்டு. ஜான் ஹெர்ஷல் 1819-இல் இது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று காட்டினார். பின்னால் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஃபிலிம் கழுவ இதையே பயன்படுத்தி, பெயரை ஹைப்போ என்று சுருக்கினார்கள். வேதியியல் பெயரைத் திருத்திவிட்டது, கடைத்தெரு திருத்தவில்லை. குளோரின்காரர்களும் தங்கள் பெயரை அதே இடத்தில் வெட்டியதால் இரண்டு ஹைப்போ ஆகிவிட்டது. 'தயோ' என்றால் கிரேக்கத்தில் கந்தகம். சல்பேட்டில் ஓர் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகம் உட்கார்ந்தால் தயோசல்பேட்டு.

ஹைட்ரோஸ் கதை இன்னும் மோசம். வேட் சாயத்துக்கும், ஷேடு தப்பிய துணியில் சாயத்தை உரிக்கவும் போடும் இந்தப் பொடி சோடியம் ஹைட்ரோசல்பைட்டு. ஆனால் இதில் ஹைட்ரஜனே கிடையாது. முதலில் ஆராய்ந்தபோது ஹைட்ரஜன் இருப்பதாக எண்ணி வைத்த பெயர். இன்றைய பெயர் டைதயோனைட்டு, இரண்டு கந்தகம். ஹைட்ரோ என்றதும் தண்ணீர் என்று புதியவர் நினைப்பது இயல்பு, ஏனென்றால் 'ஹைட்ரோ' தண்ணீரையும் குறிக்கும், ஹைட்ரஜனையும் குறிக்கும். இந்தப் பொடிக்கோ ஈரம் ஆகவே ஆகாது. ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், மூச்சை அடைக்கும் சல்பர் டை ஆக்சைடும் வெளிவரும். டப்பாவை மூடாமல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. அதேபோல ஹைப்போகுளோரைட்டுக் கேன் பக்கத்தில் எந்த அமிலத்தையும் வைக்க வேண்டாம், கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஸ்டோரில் ஒட்டும் லேபிளில் முழுப்பெயரை வாலோடு எழுதுங்கள். வாயில் ஹைப்போ என்று சொல்லிக்கொள்ளலாம், டப்பாவில் ஹைப்போ என்று எழுதக் கூடாது.

ஐந்தாம் படி: கார்பன் சங்கிலியை எண்ணுங்கள்

ஐந்து கார்பன் முதல் பென்டேன், ஹெக்சேன் என்று எண்கள்தான், கஷ்டம் இல்லை. முதல் நான்கு மட்டும் கதைகள். மீத் என்பது கிரேக்கத்தில் மது, மரம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து 1834-இல் தூமாவும் பெலிகோவும் ஆக்கியது. மரத்தை வடித்து எடுத்த சாராயம்தான் மெத்தனால், அதனால் அந்தப் பெயர். ஈத் என்பது ஈதரிலிருந்து. ப்ரொப் என்றால் 'முதல் கொழுப்பு', கொழுப்பு அமிலம் போல நடந்துகொள்ளும் மிகச் சிறியது என்பதால். ப்யூட் என்பது வெண்ணெய். வெண்ணெய் கெட்டுப்போனால் அடிக்கும் வாடை ப்யூட்டிரிக் அமிலம். ஊத்துக்குளி வெண்ணெயைப் புதிதாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரை காயப்போட்டு ஆட்டும் தேங்காயெண்ணெயில் கேப்ரிலிக், கேப்ரிக் என்று இரண்டு அமிலங்கள் உண்டு. லத்தீனில் கேப்பர் என்றால் வெள்ளாடு, ஆட்டு வாடை இருப்பதால் வைத்த பெயர். முறைப்படி அவை ஆக்டனாயிக், டெகனாயிக், அதாவது எட்டு கார்பன், பத்து கார்பன். அந்த எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதியாக இருக்கும் லாரிக் அமிலம் டோடெகனாயிக். டோ இரண்டு, டெகா பத்து, மொத்தம் பன்னிரண்டு.

ஆறாம் படி: எந்தக் கரை?

சிஸ், ட்ரான்ஸ் இரண்டும் லத்தீன். சிஸ் இந்தப் பக்கம், ட்ரான்ஸ் அந்தப் பக்கம். ஆல்ப்ஸ் மலைக்கு இப்பால், அப்பால் என்று நாட்டைப் பிரிக்க ரோமானியர்கள் பயன்படுத்திய சொற்கள். தமிழில் சொல்வதென்றால் இக்கரை, அக்கரை. கோவைக்கு மேற்கே இக்கரை போளுவாம்பட்டி இருக்கிறதே, அந்த இக்கரைதான் சிஸ். தமிழுக்கு உண்மையான முன்னொட்டு என்று அதிகம் கிடையாது, நம் மொழி பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். ஆனால் தொல்காப்பியம் சுட்டு என்று சொல்லும் அ, இ, உ மூன்றும் அசல் முன்னொட்டுகள், அவற்றில் இரண்டு இங்கே அப்படியே பொருந்துகின்றன. கார்பன் இரட்டைப் பிணைப்பை ஆறாக வைத்துக்கொண்டால், இரண்டு ஹைட்ரஜனும் ஒரே கரையில் இருந்தால் சிஸ், எதிரெதிர்க் கரையில் இருந்தால் ட்ரான்ஸ். ட்ரான்ஸ் கொழுப்பு என்று கேள்விப்படுவது இதைத்தான். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கு 2 சதவீதம்தான் வரம்பு.

ஆர்த்தோ, மெட்டா, பாரா மூன்றும் ஆறு மூலை வளையத்தில் இடம் சொல்பவை. அடுத்த மூலை ஆர்த்தோ, ஒன்று தள்ளி மெட்டா, நேர் எதிர் மூலை பாரா. பாராசிட்டமாலின் பாரா அதுதான்.

ஏழாம் படி: எல்லாவற்றையும் மஞ்சளில் பிரயோகித்துப் பாருங்கள்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளின் நிறம் குர்குமின். அதன் முறையான பெயர்: 1,7-பிஸ்(4-ஹைட்ராக்சி-3-மீத்தாக்சிஃபீனைல்)ஹெப்டா-1,6-டையீன்-3,5-டையோன். முதலில் பயமுறுத்தும். பின்னாலிருந்து வாருங்கள்.

ஹெப்டா, ஏழு கார்பன் உள்ள சங்கிலி. டையீன், அதில் இரண்டு இரட்டைப் பிணைப்பு, 1-ஆம் இடத்திலும் 6-ஆம் இடத்திலும். இரண்டும் ட்ரான்ஸ் வகை. டையோன், 3-லும் 5-லும் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில். சங்கிலியின் இரு முனையிலும், அதாவது 1-லும் 7-லும், ஆளுக்கொரு வளையம். ஃபீனைல் என்பது ஆறு மூலை வளையம், ஒளிர்தல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, விளக்கெரிக்கும் வாயு தயாரித்தபோது கிடைத்த பொருளின் நினைவாக. வளையத்தின் 4-ஆம் மூலையில் ஹைட்ராக்சி (OH), 3-ல் மீத்தாக்சி (OCH3). பிஸ் என்றால் லத்தீனில் இரு முறை. அடைப்புக்குள் ஏற்கெனவே சிக்கலாக இருக்கும் ஒரு துண்டு இரண்டு தடவை வந்தால் 'டை' போடாமல் 'பிஸ்' போடுவார்கள்.

இதற்கே சின்னப் பெயர் டைஃபெருலோயில்மீத்தேன். ஃபெருலா என்பது பெருங்காயம் எடுக்கும் செடியின் பெயர். ஃபெருலிக் அமிலத்தை 1866-இல் பெருங்காயத்திலிருந்துதான் முதலில் பிரித்தார்கள். சாம்பாரில் சேரும் இரண்டு பொருளும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன.

மஞ்சளில் குர்குமினோடு இன்னும் இரண்டு நிறமிகள் உண்டு. டீமீத்தாக்சிகுர்குமின், பிஸ்டீமீத்தாக்சிகுர்குமின். லத்தீனில் 'டீ' நீக்கத்தைக் குறிக்கும். ஆக முதலாவதில் ஒரு வளையத்தின் மீத்தாக்சி இல்லை, இரண்டாவதில் இரண்டு வளையத்திலும் இல்லை. படம் வரையாமலே மூன்றின் அமைப்பும் இப்போது உங்களுக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்துக் குர்குமினாய்டு என்பார்கள், 'ஆய்டு' என்ற வாலுக்குச் சாயலில் இருப்பது என்று பொருள். மஞ்சள் வாங்கும்போது பரிசோதனைச் சீட்டில் எழுதியிருப்பது குர்குமினா, மொத்தக் குர்குமினாய்டா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். இரண்டாவது எண்ணில் மூன்று நிறமியும் சேர்ந்திருக்கும்.